பச்சமுத்துவின் உதடும் ஓர் எட்டுக்கால் பூச்சியும்

மரக்காணம்
4-5-75

அன்பும் மரியாதையும் மிக்க மச்சான் கலியபெருமாள் அவர்களுக்கு, தங்கள் தங்கை ஞானாம்பாளைக் கட்டிய காசிலிங்கம் வணங்கி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. எனக்குக் கணுக்கால் வீங்கியிருக்கிறது. ஞானாம்பாள் என்னோடு பேசுவதில்லை. மகள் அம்சவள்ளி எங்கள் இருவரோடும் பேசுவதில்லை. மற்றபடி நலம். அங்கே தங்கள் வீட்டாரை மாரியம்மன் காக்கட்டும்.

தங்கள் கார்டு கிடைத்தது. பெண் பார்க்க வந்த பச்சமுத்து எங்கள் வீட்டில் எட்டுக்கால் பூச்சி கடித்து இறந்துவிட்டதாக வானூர் சந்தையில் பேசிக்கொள்கிறார்கள், மெய்தானா, அந்தப் பூச்சிக்கு ஆளைக் கொல்லும் விஷம் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். பச்சமுத்து சாகவில்லை. கடைசியாக நான் பார்த்தபோது பஸ்ஸில் ஏறிக் கண்டக்டரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். இந்தச் சம்பந்தத்தைப் பேசிவிட்டவர் நீங்கள் என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை மத்தியானம் பச்சமுத்துவும் அவர் சம்சாரம் அஞ்சம்மாளும் பையன் மாயவனும் பெரிய முதலியார்சாவடியிலிருந்து வந்து இறங்கினார்கள். பெண்ணைப் பார்த்துவிட்டு, இரவு தங்கி, மறுநாள் காலை வெற்றிலைபாக்கு மாற்றிக்கொள்வதாகப் பேச்சு. பெண்ணைப் பார்த்தார்கள், பிடித்தும் போயிற்று. அதன்பிறகு அப்பனும் பிள்ளையும் காற்று வாங்கப் போகிறோம் என்று உப்பளத்துக்குப் பின்னாலிருக்கும் முந்திரித் தோப்புப் பக்கம் போய், பொழுது சாய்ந்துதான் திரும்பினார்கள். சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போகும்போது கட்டிலுக்கு மேலே சுவரில் ஓர் எட்டுக்கால் பூச்சி இருப்பதைப் பச்சமுத்து பார்த்தார். உள்ளங்கை அகலம் இருக்கும். அடித்துப்போடச் சொன்னார். நான்தான், அது பாட்டுக்கு இருக்கட்டும், கரப்பான் தின்னும், ஆளை ஒன்றும் செய்யாது என்று சொல்லி வைத்தேன். அந்த நேரத்தில் எனக்கு ஏன் பூச்சிமேல் அவ்வளவு கரிசனம் வந்ததோ தெரியவில்லை.

விடிந்து பார்த்தால் அவருடைய மேலுதடு மெதுவடை போல வீங்கியிருந்தது, வாயோரமெல்லாம் கொப்புளம். சுவரில் பூச்சியைக் காணோம். அஞ்சம்மாள் சுவரைப் பார்த்தார், புருஷனைப் பார்த்தார், வைத்த கூச்சலில் உப்பு வாரிக்கொண்டிருந்த ஆட்களெல்லாம் பலகையைப் போட்டுவிட்டு ஓடிவந்து கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டார்கள். அது கடித்தால்தான் விஷம் என்று ஒருவர் சொல்ல, கடிக்கவே வேண்டாம், மேலே மூத்திரம் பெய்தாலே போதும் என்று இன்னொருவர் சொல்ல, ஆளாளுக்கு ஒரு சாவைச் சொன்னார்கள். பச்சமுத்து பேசுகிறவர் பக்கமெல்லாம் கண்ணைத் திருப்பிக்கொண்டு கிடந்தார். தேடியும் பூச்சி அகப்படாததால் அது அவர் வாய்க்குள்தான் போயிருக்கும் என்று யாரோ சொன்னார்கள். அப்போது மூடிய வாயை அவர் வெகுநேரம் திறக்கவில்லை.

தேள்கடிக்கு மந்திரித்துப் பாடம் போடுகிற கொளஞ்சியம்மாள் வந்து வேப்பிலையால் தடவிவிட்டு, வீக்கம் வற்றுகிறவரை உப்பு புளி ஆகாது, வீட்டு வாசலைத் தாண்டவும் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாள். மச்சான், நான் உப்பளத்து மேஸ்திரி. கட்டிலில் படுத்தால் வாசல் வழியாகத் தெரிவதெல்லாம் மலைமலையாக உப்பு. அதைப் பார்த்துக்கொண்டே மனுஷர் உப்பில்லாத கஞ்சி குடித்தார். அவருக்கு மட்டும் தனியாக எப்படி என்று ஞானாம்பாள் எங்கள் எல்லோருக்குமே அதைத்தான் ஊற்றினாள்.

மனம் கேட்காமல் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரை அழைத்து வந்தேன். அவர் நன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “எட்டுக்கால் பூச்சி கடிச்சா எரியும், கொஞ்சம் வீங்கும், தானா அடங்கிடும். நம்ம ஊர்ப் பூச்சியால உசுரெல்லாம் போவாதுங்க. ஆனா இது பூச்சிக்கடி மாதிரியே தெரியல. வாயில எதுனா பட்டுதா?” பச்சமுத்து இல்லை என்று தலையாட்டினார். கம்பவுண்டர் களிம்பு கொடுத்தார், ஊசி போடவில்லை. ஊசி போடாதவர் பேச்சை வீட்டில் யாரும் மதிக்கவில்லை.

அதற்குள் ஞானாம்பாள், வீட்டில் ஒரு பூச்சிகூட இருக்கக் கூடாது என்று துடைப்பத்தை என் கையில் கொடுத்தாள். ஏணி போட்டு ஏறினேன். உத்திரத்தில் ஏதோ அசைந்தது, வீசினேன், ஓடு உடைந்தது, ஏணி சரிந்தது, கணுக்கால் பிசகியது. உடைந்த ஓடு அடைக்கோழிக்குப் பக்கத்தில் விழுந்து, அது முட்டைகளை விட்டுவிட்டு ஓடியது இன்னும் திரும்பவில்லை. மலேரியா மருந்தடிக்கிற ஆட்கள் தெருவில் போனார்கள், அவர்களையும் கூப்பிட்டு அடிக்கச் சொன்னேன். அந்த நெடியில் வீட்டுக்குள் இருக்க முடியாமல் நோயாளியைக் கட்டிலோடு தூக்கி வெயிலில் போட்டோம். இத்தனை சேதத்தில் பூச்சி செய்தது எதுவென்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

புதன்கிழமை அம்சவள்ளி எல்லோருக்கும் மோர் கொடுத்தாள், அதுவும் உப்பில்லாமல்தான். மாயவன் தோப்புக்குப் போய்வந்ததிலிருந்து கையைத் துண்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தான். டம்ளர் வாங்கக் கையை நீட்டியபோது விரல் நுனியெல்லாம் கறுத்துத் தோல் உரிந்திருந்தது. அம்சவள்ளி அதைப் பார்த்துவிட்டாள்.

“முந்திரிக்கொட்டைய பச்சையா உரிச்சீங்களா?” என்று கேட்டாள்.

அவன் அப்பனைப் பார்த்தான். அப்பன் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “ஆமாங்க. எனக்கு உரிக்க வரல. அப்பாதான் பல்லால கடிச்சுக் காட்டினாரு” என்றான்.

கொட்டையின் பால் பட்டால் வெந்துபோகும் என்று எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும். அஞ்சம்மாள் அழுகையை நிறுத்திவிட்டுப் புருஷனைப் பார்த்த பார்வையை நான் எழுத மாட்டேன். சேதி கேட்டு வந்த கொளஞ்சியம்மாள், தான் போட்ட பாடம் கொட்டைக்கும் கேட்கும் என்று சொன்னாள். பச்சமுத்துவுக்கு வந்த கோபமெல்லாம் மகன்மேல்தான். “தாலிகூட கட்டல, அதுக்குள்ள அப்பனைக் காட்டிக் குடுக்கிறியாடா” என்று வீங்கிய உதட்டோடு கத்திவிட்டு, இருவரையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். மாயவன் மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். பஸ் மறைந்தும் அம்சவள்ளி வாசலிலேயே நின்றாள்.

ஆகவே எட்டுக்கால் பூச்சிக்கு ஆளைக் கொல்லும் விஷமில்லை என்று சந்தையில் எல்லோரிடமும் சொல்லவும். பையன் நல்ல பையன்தான். ஆனால் அந்த அப்பனோடு நமக்கு ஒத்துவராது. இந்தச் சம்பந்தம் முடிந்தது. வேறு இடம் பார்க்கவும்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசிகள். எல்லோரும் நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
காசிலிங்கம்

பின்குறிப்பு: இதை ஒட்டுவதற்குள் மத்தியான பஸ்ஸில் அஞ்சம்மாளும் மாயவனும் பூவும் பழமுமாக வந்து இறங்கிவிட்டார்கள். கட்டினால் இந்தப் பெண்ணைத்தான் என்று பையன் சொல்லிவிட்டானாம். அம்சவள்ளியைக் கேட்டேன். “மாமனாரை நான் பாத்துக்கறேன், நீங்க வெத்தலைய மாத்துங்க” என்றாள். மாற்றிவிட்டோம். வைகாசிக் கடைசியில் கல்யாணம். பச்சமுத்துவும் சம்மதித்துவிட்டாராம். அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: முந்திரிக்கொட்டை என்று யாரும் வாயெடுக்கக் கூடாதாம். ஆகையால் மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிட்டு, எட்டுக்கால் பூச்சி கொடிய விஷம், பச்சமுத்து பிழைத்தது மறுபிறவி என்று வானூர் முழுக்க அடித்துச் சொல்லவும்.