பிளைவுட் விமானத்தில் அகப்பட்ட மேஜர்

விமானப் பொறியியலில் முதல் வகுப்பில் தேறிய எனக்கு, கதவு என்பது திறப்பதற்கான பொருள் என்பது இருபத்தாறாவது வயதில்தான் தெரியவந்தது. தெரியவைத்தவர் ஓய்வுபெற்ற ஒரு மேஜர்.

நான் வேலை பார்த்த சின்ன நிறுவனம், ராணுவத்துக்கு ஒரு குட்டிச் சரக்கு விமானம் செய்வதாகத் திட்டம் போட்டிருந்தது. பாதி எரிபொருளில் ஓடும், பாதி பேட்டரியில். அதுவரை காகிதத்தில் மட்டும்தான் பறந்துகொண்டிருந்தது. ஆலோசகராக வரும் மேஜர் சரியென்று சொன்னால்தான் மேற்கொண்டு பேச்சு. அவருக்குக் காட்ட, ஜீப் ஏறும் வயிற்றுப்பகுதியை மட்டும் பிளைவுட்டில் அசல் அளவில் செய்வதென்று முடிவாயிற்று. பொறுப்பு என் தலையில்.

பேட்டரியோ யானைக் கனம். மற்ற இடத்திலெல்லாம் எடையைக் குறைத்தாக வேண்டும். ஜீப்பின் அகலத்தை அளந்து, இரு பக்கமும் நாலு விரல் இடம் மட்டும் விட்டு வரைந்தேன். (அந்தச் சிக்கனத்துக்காக என்னை நானே மெச்சிக்கொண்டது தனிக்கதை.)

செய்துதந்தவர் மேலப்பாளையத்தில் பந்தல் காண்ட்ராக்ட் எடுக்கும் என் சாச்சா, வாப்பாவின் தம்பி. வரைபடத்தைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"ஏளா, ரொம்ப ஒடுக்கமாத் தெரியுதே?"

"சாச்சா, இது கலியாணப் பந்தல் இல்ல. ஏரோபிளேன்."

"சரி, நீ படிச்ச புள்ள."

மேஜர் ராதாபுரத்துக்காரர். சொந்த ஜீப்பிலேயே வந்து, "நானே ஏத்திப் பாக்கேன்" என்றார். ஜீப் சரிவுப்பலகையில் ஏறி, உள்ளே போய்க் கச்சிதமாக நின்றது. எல்லாரும் கைதட்டினோம். கைதட்டல் ஓயுமுன் சரிவுப்பலகை நழுவித் தடாலென்று விழுந்தது. இனி ஜீப்பைப் பின்னால் எடுக்க வழியில்லை.

"அவசரமில்ல, பைய மாட்டுங்க. நான் எறங்கிக்கிடுதேன்" என்று மேஜர் கதவைத் திறந்தார்; நாலு விரல் திறந்ததும் பிளைவுட்டில் இடித்தது. டொக். மறுபக்கக் கதவு. அதுவும் டொக். பின்கதவு வழியாக வரலாமென்றால், வழியில் ஸ்ரீவைகுண்டத்தில் வாங்கிய வாழைத்தார்கள் கூரைவரை அடைத்துக்கிடந்தன.

உள்ளிருந்து குரல் வந்தது: "ஏம்மா, சண்டைக்குப் போயும் ஜீப்புக்குள்ளயே உக்காந்திருக்கணுமா?"

நான் வரைபடத்தைப் புரட்டினேன். சாச்சாதான் ரம்பத்தோடு ஓடிவந்தார். "சார், கைய உள்ள வச்சுக்கிடுங்க" என்றபடி, கதவு திறக்கும் அளவுக்கு விமானத்தின் விலாவை அறுத்தார். குனிந்து வெளியே வந்த மேஜரின் மீசையெல்லாம் மரத்தூள். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

அவர் அந்த ஓட்டையை நிதானமாகப் பார்த்தார். "இத வரைபடத்துலயும் போடும்மா. பெறகு பேசுவோம்." பிறகு சாச்சா பக்கம் திரும்பி, "பாய், நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"எட்டாங்கிளாஸ் சார்."

"போதும்" என்றார் மேஜர், என்னைப் பார்த்துக்கொண்டே.

விமானம் இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது. முன்னைவிட அகலமாக, விலாவில் ஒரு வாசலோடு. போன வருஷம் என் கல்யாணத்தில் மாப்பிள்ளை கார் மண்டபத்துக்கு வந்ததும், சாச்சா ஊரே கேட்கக் கத்தினார்: "ஏலே, கதவு திறக்க எடமிருக்கான்னு பாருங்கலே! அளவு எங்க புள்ள எடுத்தது!" அன்றோடு கதை புகுந்த வீட்டுக்கும் போய்விட்டது. இப்போது கார் நிறுத்த நான் இடம் காட்டினால், உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் முதலில் இறங்கிக்கொள்கிறார்கள்.