நலங்குச் சாமானும் என் ஆராய்ச்சியும்

படித்தவன் செய்யும் முட்டாள்தனத்துக்கு ஒரு தனி அழகு உண்டு. அதை அவன் தகுந்த காரணத்தோடு செய்வான். நான் செய்தது முழு ஆராய்ச்சியோடு.

அப்போது நான் டேட்டா மைனிங்கில் முனைவர் பட்டத்துக்காகப் போராடிக்கொண்டிருந்தேன். (எங்கள் அரியலூர்ப் பக்கம் மைனிங் என்றாலே, "எந்த சிமெண்ட் ஆலைக்குப்பா?" என்றுதான் கேட்பார்கள்.) பெரம்பலூரில் என் சித்தப்பாவுக்கு நாட்டு மருந்துக் கடை. பூஜைச் சாமான், காரியச் சாமான் எல்லாமே அங்கு உண்டு. கடையின் பழைய பில்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, இதை வாங்குகிறவர் கூடவே எதை வாங்குவார் என்று விதிகள் கண்டுபிடிப்பது என் வேலை. அவை ஒரு வாரம் ஒழுங்காக ஓடியதாகச் சித்தப்பா எழுதிக் கொடுத்தால் ஆய்வேடு கரையேறும். இல்லையென்றால் இன்னொரு வருடம் போகும்.

முதல் நாள் காலை, பில் போடும் செல்வியை எழுப்பிவிட்டு அவள் நாற்காலியில் நானே உட்கார்ந்தேன். (என் படைப்பை வேறொருவர் இயக்குவதா?) அரும்பாவூரிலிருந்து ஓர் அம்மா, வளர்ந்த மகனோடு வந்தார். நல்லெண்ணெய், சீயக்காய், பன்னீர், ஊதுபத்தி கேட்டார். ஒவ்வொன்றாக அடித்தேன். திரையில் என் விதி வந்து நின்றது. பெருமையோடு உரக்க வாசித்தேன்.

"கூடவே கோடித்துணியும் மண்கலயமும் எடுத்து வைக்கட்டுங்களா?"

என்ன சொன்னேன் என்று எனக்கு உறைப்பதற்குள் அந்த அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

"வெள்ளிக்கெழம எம்புள்ளைக்கு நலங்குய்யா! சாவு சாமானா குடுக்குற?"

எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு, மாப்பிள்ளையை இழுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

சித்தப்பா அன்றே என்னை வண்டியில் ஏற்றி அரும்பாவூருக்குக் கொண்டுபோய் மன்னிப்புக் கேட்க வைத்தார். அந்த அம்மா திட்டவில்லை. "கல்யாணம் நல்லபடியா முடியிற வரைக்கும் எனக்கு நெஞ்சு அடிச்சிக்கிட்டே இருக்கும் தம்பி" என்றார். அதற்கு அவர் இரண்டு அறை விட்டிருக்கலாம். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

திரும்பி வந்ததும் செல்வியிடம் கேட்டேன். "கல்யாண வூட்டுக்கும் சாவு வூட்டுக்கும் பாதிச் சாமான் ஒண்ணுதான். நீ மட்டும் எப்புடி கண்டுபுடிக்கிற?"

"சாவு வூட்டுக்காரங்க எந்த ஊதுபத்தி வாசமா இருக்கும்னு கேக்க மாட்டாங்கண்ணே. கெளம்பும்போது வரேன்னும் சொல்ல மாட்டாங்க. வேலைக்கு வந்த புதுசுல அப்படி ஒருத்தர்கிட்ட, 'அடிக்கடி வாங்க'ன்னு சிரிச்சிக்கிட்டே சொல்லிட்டேன். அவரு பாத்த பார்வை இருக்கே! அதோட சரி."

ஒரே ஒரு தப்பில் அவள் கற்றுக்கொண்டாள். பில் பில்லாகத் தின்ற என் நிரலுக்கோ நூறு தடவை பலித்தது நூற்றோராவது தடவையும் பலிக்கும் என்ற நம்பிக்கை. மனிதர்களுக்கு ஒரு தடவை பட்ட அவமானம் நூறு வெற்றியைவிடக் கனம். நிரலை மாற்றி எழுதினேன். ஒரு விதி எத்தனை முறை பலித்திருந்தாலும், கடைக்காரர் ஒருமுறை பொத்தானை அழுத்தி அதட்டினால் அது வாயை மூடிக்கொள்ள வேண்டும். அந்தப் பொத்தானுக்கு 'திட்டு' என்று பெயர் வைத்தேன். பட்டம் ஒரு வருடம் தாமதமாகத்தான் கிடைத்தது.

வீட்டில் எந்த விசேஷத்துக்குச் சாமான் வாங்கப் போனாலும், "டாக்டர் வண்டியிலயே இருக்கட்டும்" என்பார் சித்தி.

அந்தக் கல்யாணம் நன்றாகவே நடந்தது. பேரனின் காதுகுத்துக்குச் சாமான் வாங்க அந்த அம்மா எங்கள் கடைக்கே வந்தார். உள்ளே என்னைப் பார்த்ததும் வாசலில் நின்றுவிட்டார்.

"மொதல்ல அந்தத் தம்பிய வெளிய அனுப்புங்க. அப்பறம் வரேன்."

கடையே சிரித்தது. அவரும் சிரித்தார். ஆனால் நான் தெருவில் இறங்கும் வரை படியேறவில்லை.