பதினோராவது நிறுத்தத்தில் இரண்டு நிமிடம்

மரியாதைக்குரிய அண்ணன் அவர்களுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் மகளும் நலம். என் முழங்கால் மட்டும் வழக்கம்போல. அங்கே உங்கள் நலமும் அண்ணியின் நலமும் அறிய ஆவல் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் உங்கள் நலத்தைக் கெடுத்தவனே நான்தான் என்பதால் அந்த வரியை எழுதக் கை கூசுகிறது. நீங்கள் என்னோடு பேசி நான்கு வருடமாகிறது. கோபத்தில் இந்தக் கடிதத்தை ஜன்னல் துடைக்க எடுத்துவிடாதீர்கள். படிக்கப் பிடிக்காவிட்டால் அண்ணியை உரக்கப் படிக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் கேட்காதது போல உட்கார்ந்திருங்கள்.

நான் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், மகள் என்னைக் கணினியில் ஒரு விளையாட்டு ராஜ்ஜியத்தில் சேர்த்துவிட்டாள். ஆயிரக்கணக்கானவர்கள் அவரவர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, ஆளுக்கொரு வேடம் போட்டு அதற்குள் வாழ்கிறார்கள். ஒருவன் வீரன், ஒருத்தி மந்திரவாதி. நான் மலையடிவாரத்தில் மூலிகைக் கடை வைத்திருக்கும் வைத்தியன். நிஜத்தில் தலைவலிக்கு எந்த மாத்திரை என்று மகளைக் கேட்பவன், அங்கே டிராகன் கடித்தவர்களைப் பிழைக்க வைத்துக்கொண்டிருந்தேன். நிம்மதியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் பாட் தொல்லை தலைதூக்கியது. ஆள் உட்காராமலே, ஒரு நிரலை ஓடவிட்டு வேடத்தை ஆடவைப்பதுதான் பாட். ஒரு நாள் காட்டுக்குப் போனால், ஒரே மொட்டைத்தலை, ஒரே நடையோடு நாற்பது பேர் வரிசையாக மரம் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். "கொஞ்சம் தள்ளுங்க சார்" என்று எழுதினால் ஒருவரும் திரும்பவில்லை. ஒரு வாரத்தில் காடே காலி. பறிக்க எனக்கு ஒரு இலை மிச்சமில்லை.

எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. முப்பது வருடம் தேர்வறையில் நின்று காப்பி அடிப்பவர்களைப் பிடித்தவன் நான். நேர்மையாக எழுதுகிற பையன் தாளைப் பார்ப்பான், காப்பி அடிக்கிறவன் என்னைப் பார்ப்பான். அதுதான் என் சூத்திரம். ராஜ்ஜியத்தின் காவல் குழுவில் தொண்டராகச் சேர்ந்தேன். ஒரே மாதத்தில் நாற்பத்து மூன்று பாட்களைப் பிடித்துக் கொடுத்தேன். என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கண் படம் போட்டுக் கௌரவித்தார்கள். அந்தக் கண்தான் அண்ணே என் கண்ணை மறைத்துவிட்டது.

நாற்பத்து நான்காவதாக வந்தது ஒரு மாட்டு வண்டி. தினமும் காலை பத்து பத்துக்குக் கோட்டை வாசலில் கிளம்பும். பதினோரு இடத்தில் நிற்கும். ஏற ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு இடத்திலும் சரியாக அரை நிமிடம். கிளம்பும்போது மணியை இரண்டு தரம் தட்டும். மழையோ, பூதப்படையோ, வழி மாறாது. ஒரு நாள் பாலத்தின் மேல் பெரும் போர் நடந்துகொண்டிருந்தது. வண்டி ஓரமாக ஒதுங்கி நின்று, போர் முடிந்ததும் பிணங்களைச் சுற்றிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து போனது. வண்டிக்காரரிடம் நான் எத்தனையோ தரம் வணக்கம் எழுதினேன். பதிலே இல்லை. சத்தியமாக அது நீங்கள் என்று எனக்குத் தெரியாது.

ஒரு வாரம் உட்கார்ந்து ஆதாரம் திரட்டி, நான்கு பக்கத்தில் புகார் எழுதினேன். காவல் குழு உங்கள் திரையில் மூன்று முறை கேள்வி அனுப்பியது: "நீங்கள் மனிதரானால் 'ஆம்' என்று எழுதவும்." மூன்று முறையும் மௌனம். அன்றே வண்டியை நிரந்தரமாக விலக்கிவிட்டார்கள். எனக்கு இரண்டாவது கண் கிடைத்தது. பெருமையில் மகளிடம் காட்டினேன். அவள் என் முகத்தையே பார்த்தாள், பிறகு எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மூன்று நாள் கழித்து அண்ணியிடமிருந்து தொலைபேசி வந்தது.

"தம்பி, உங்கண்ணன் மூணு நாளா சரியா சாப்பிடல. ஏதோ வண்டி ஓட்டுற விளையாட்டாம், உங்க பொண்ணுதான் போன்லயே சொல்லிக் கொடுத்தா. அதுலேர்ந்து இவரைத் தள்ளிட்டாங்களாம்."

"அண்ணி, அவங்க கேள்வி கேட்டாங்களே, ஒரு வார்த்தை பதில் போட்டிருக்கலாமே?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'வண்டி ஓட்டறப்ப யாரோடயும் பேசக் கூடாதுடி, இறங்கின பிறகு சொல்லிக்கலாம்னு இருந்தேன்'ங்கறார். அதுக்குள்ள திரை இருட்டாயிடுச்சாம்."

அண்ணே, முப்பத்து நான்கு வருடம் பேருந்து ஓட்டிய உங்கள் தலைக்கு மேல் தொங்கிய பலகை அல்லவா அது, "ஓட்டுநருடன் பேசாதீர்கள்" என்று. ஊரெல்லாம் அதை மீறிப் பேசும், நீங்கள் ஒருவர்தான் அதற்குக் கட்டுப்பட்டவர். ஒரு தடவை உங்கள் பேருந்தில் ஏறி, "அண்ணே, வீட்டுச் சாவி எங்க?" என்று கேட்டதற்குக் கடைசி நிறுத்தம் வந்து, என்ஜினை அணைத்து, கீழே இறங்கி, அதன்பிறகுதான் "பூந்தொட்டி கீழடா" என்றீர்கள். அப்படிப்பட்ட மனிதரை வண்டி ஓட்டும்போது கேள்வி கேட்டால் எப்படிப் பதில் வரும்? சத்தியமாக எனக்குத் தோன்றவில்லை.

நான்கு வருடத்துக்கு முந்தைய அந்த மாலையையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஓய்வு விழாவில் என்னைப் பேசச் சொன்னார்கள். நான்கு பேர் சிரிக்கட்டுமே என்று, "எங்கள் அண்ணன் செய்த வேலையை ஒரு மெஷினே செய்துவிடும், மெஷின் என்றால் நடுவில் பழுதாவது ஆகியிருக்கும்" என்றேன். மண்டபமே சிரித்தது. நீங்கள் காபிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனீர்கள். அன்று முந்நூறு பேருக்கு முன்னால் வாயால் சொன்னேன். இன்று ஆயிரம் பேருக்கு முன்னால் நான்கு பக்க ஆதாரத்தோடு நிரூபித்துவிட்டேன். அந்தப் புகாரில் இப்படி ஒரு வரி இருக்கிறது: "பதினோராவது நிறுத்தமான என் கடை வாசலில் மட்டும் அரை நிமிடத்துக்குப் பதிலாக இரண்டு நிமிடம் நிற்கிறது, நிரலில் ஏதோ கோளாறு." மகளிடம் என் கடை எங்கே இருக்கிறது என்று கேட்டு வாங்கிக்கொண்டுதான் நீங்கள் அந்தத் தடத்தையே வகுத்தீர்களாம், அண்ணி சொன்னார். அந்த வரியைப் படித்துப் படித்து வெட்கத்தில் சாகிறேன்.

சும்மா இருக்கவில்லை. அந்த வண்டிக்காரர் மனிதர்தான், என் கூடப் பிறந்தவர், சாட்சி நான் என்று காவல் குழுவுக்கு மனு எழுதினேன். பதில் இல்லை. அதே மனுவை வார்த்தை மாறாமல் காலை எட்டு, பகல் ஒன்று, மாலை ஆறு என்று பத்து நாள் அனுப்பினேன். பதினோராம் நாள் பதில் வந்தது. ஒரே வாசகத்தை ஒரே நேரத்தில் தினமும் அனுப்புவதால் நானும் பாட் என்று முடிவு செய்து, இரண்டு கண்ணையும் பிடுங்கிக்கொண்டு வெளியே தள்ளிவிட்டார்கள். கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்தால் எனக்குச் சந்தோஷம்.

அண்ணிக்கு என் வணக்கம். உங்கள் ரத்த அழுத்த மாத்திரையை நேரத்துக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பெரியப்பாவுக்கு அன்பு சொல்லச் சொல்லி மகள் சீட்டு எழுதி வைத்திருக்கிறாள். என்னோடு அவள் இன்னும் பேசவில்லை, அது உங்கள் வழி வந்த குணம். தெரியாமல் செய்த பிழையை மன்னித்து ஆசீர்வதிக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டேன். மனது கேட்காமல் பிரித்து எழுதுகிறேன். மேலே தெரியாது, தெரியாது என்று எழுதியதெல்லாம் பொய். வண்டி முதல் நாள் மணியை இரண்டு தரம் தட்டியபோதே தெரிந்துவிட்டது. கல்லூரி வாசலில் என்னை இறக்கிவிட்டு மூன்று வருடம் ஹாரனை இரண்டு தரம் தட்டிப் போன கை அல்லவா? தினமும் என் வாசல் வரை வந்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போகிறீர்களே என்று ஆற்றாமை. மனிதரா என்று யாராவது கேட்டால், கோபத்திலாவது "ஆமாம்டா" என்று எழுதுவீர்கள், அந்த ஒரு சொல்லையாவது பார்க்கலாம் என்றுதான் புகார் கொடுத்தேன். நீங்கள் வண்டியை விட்டு இறங்கும்வரை எனக்குப் பொறுக்கவில்லை. வியாழக்கிழமை விடிகாலைப் பேருந்தில் வருகிறேன். உங்கள் வாசலில் இரண்டு நிமிடம் நிற்பேன். நீங்கள் பேச வேண்டாம், கதவைத் திறந்தால் போதும்.