பதினான்கு வெள்ளிக்கிழமைகளின் நகல்

அன்பு மருமகளுக்கு,

உன் மாமா சுகமாக இருந்துகொண்டு எழுதுவது. அங்கே நீயும், உன் வேலையும், உன் ஆபீஸில் உள்ள கம்ப்யூட்டர்களும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நான், உன் அத்தை, அவளுடைய தையல் மெஷின், போன வருடம் நீ லினக்ஸ் ஏற்றிக் கொடுத்த கம்ப்யூட்டர் ஆகிய நால்வரும் நலம். நான்காமவர் மட்டும் நடுவில் இரண்டு நாள் படுத்துவிட்டார். அந்தக் கதையைச் சொல்லி உனக்கு நன்றி தெரிவிக்கத்தான் பேனாவை எடுத்தேன். கீழே கார்பன் தாள் வைத்து எழுதுகிறேன். எதற்கும் ஒரு நகல் வேண்டும் என்று நீ சொன்னதை மதித்து நடக்கிறேன் என்பதற்கு இதுவே சாட்சி.

முப்பத்தோரு வருடம் லாரி என்ஜின் பிரித்துப் பூட்டிய கை இது. ஒன்பதாம் வகுப்போடு நின்றாலும், ஒரு வண்டி இருமுகிற சத்தத்தைக் கேட்டே அதன் வயதைச் சொல்வேன். அதனால் லினக்ஸ் எனக்குப் புதிதாகத் தெரியவில்லை. வாரம் ஒரு அப்டேட் என்றாய், ஆயில் மாற்றுகிற மாதிரி என்று பிடித்துக்கொண்டேன். பாதி அப்டேட்டில் கரண்ட் போகக்கூடாது என்றாய், யு.பி.எஸ். வாங்கினேன். மாதம் ஒருமுறை மூடியைக் கழற்றி ஃபேனில் ஒட்டிய தூசியைப் பிரஷ்ஷால் தட்டினேன். தையல் வீட்டுக் கம்ப்யூட்டர் பாதி பஞ்சையும் முக்கால் நூலையும் தின்றுதான் வாழ்கிறது. இவ்வளவையும் சலூன்காரரிடம் சொன்னேன். அவர் கத்தியை நிறுத்திவிட்டுக் கேட்டார், அப்போது கடையில் பதினைந்து பேர் இருந்தார்கள் (நாற்காலி மூன்றுதான், மற்றவர்கள் எனக்காகவே நின்றார்கள்).

தப்பு எங்கே நடந்தது என்றால், சனிக்கிழமை காலை அப்டேட் போடும்போது, வண்டியைக் கிளப்புகிற பூட் என்கிற பகுதியில் இடமில்லை என்று அது முறையிட்டது. திறந்து பார்த்தேன். நீள நீளமான பெயர்கள், எல்லாம் ஒரே ஜாடை, கடைசி நம்பர் மட்டும் வேறு. அவைதான் கெர்னல்கள், லினக்ஸின் என்ஜின்கள்; பழையதைத் தானாகக் கழிக்க நீ ஒரு வரிக் கட்டளை எழுதிக் கொடுத்திருந்தாய், ஆனால் எழுதிப் படிக்கிற வேலையெல்லாம் கற்றுக்குட்டிக்கு என்று நான் கையாலேயே அள்ளி அழித்தேன். ஒரே ஜாடையில் இருந்த அத்தனையையும், ஓடிக்கொண்டிருந்ததையும் சேர்த்து. அப்புறம் ஆன் செய்தால் கறுப்புத் திரையில் நாலு வெள்ளை எழுத்து, கண் சிமிட்டுகிற ஒரு கோடு, அவ்வளவுதான்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பாய். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நூற்று எண்பத்தாறு பேருடைய சீருடை அளவு அதற்குள்தான் இருந்தது. திங்கட்கிழமை துணி வெட்ட வேண்டும். அத்தையின் பழைய அளவு நோட்டுகளை, "இனிமேல் நான்தான் உன் நோட்டு" என்று சொல்லி, பழைய பேப்பர்காரரிடம் எடை போட்டுக் கொடுத்தவனும் நான்தான்.

நான் கலங்கவில்லை. பதினான்கு வெள்ளிக்கிழமை தவறாமல் வெளி டிஸ்க்கில் பேக்கப் எடுத்தவன் ஏன் கலங்க வேண்டும்? டிஸ்க்கைச் செருகினால் தானே நகலெடுக்கும்படி நீ செய்து வைத்திருந்ததை முதல் வாரமே நிறுத்திவிட்டேன். தானாக ஓடுகிற வண்டியை நான் நம்புவதில்லை. கையாலேயே, முகப்புத் திரையில் இருக்கிற 'அளவுகள்' என்ற சின்னப் படத்தை, ஐகானை, பிடித்து டிஸ்க்கில் போடுவேன். டிஸ்க்கை எடுத்துக்கொண்டு உன் அத்தையின் போட்டோ எடுக்கும் தோழி வீட்டுக் கம்ப்யூட்டரில் செருகினோம். பதினான்கு படம் இருந்தது. எதைத் தொட்டாலும் உள்ளே ஒன்றுமில்லை. அந்தப் படம் வெறும் குறுக்குவழியாம். கடைக்கு வழி காட்டுகிற பலகையைப் பதினான்கு தடவை கழற்றிப் பூட்டி வைத்திருக்கிறேன், கடையை நடுத்தெருவில் விட்டுவிட்டு.

"இத்தனை வாரமா ஒரு தடவையாவது திறந்து பாத்தீங்களா?" என்றாள் அத்தை.

"பூட்டி வச்ச பெட்டிய யாராவது தினம் திறந்து பாப்பாங்களா?"

"சரி, டீ ஆறுது. குடிங்க."

வேறு ஒருத்தியாக இருந்தால் வீடு இரண்டாகியிருக்கும். இவளுக்கு விஷயத்தின் கனம் இன்னும் புரியவில்லை என்றே நினைத்தேன். உனக்கு ஒன்பது தடவை போன் போட்டேன், நீ விமானத்தில் இருந்தாய்.

அப்போதுதான் கம்ப்யூட்டர் பெட்டியின் பின்பக்கம் நீ ஒட்டிவிட்டுப் போன, மாதாமாதம் தூசி தட்டியும் நான் பிரிக்காத உறை கண்ணில் பட்டது. உள்ளே ஒரு பென் டிரைவ், ஒரு தாள். முதல் வரி: "மாமா, எதையோ அழிச்சிருப்பீங்க. பரவாயில்ல. இனிமே எதையும் அழிக்காதீங்க." மருமகளே, பெரிய பெரிய முதலாளிகள் என்னைப் பாராட்டியிருக்கிறார்கள். அந்த ஒரு வரி தந்த தெம்பை ஒருவரும் தந்ததில்லை. தாளில் நீ சொன்னபடியே, கற்றுக்குட்டி மாதிரி, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்துச் செய்தேன். பென் டிரைவிலிருந்து கிளப்பினேன். அத்தையின் கோப்புகளை நீ வேறு பகுதியில் ஒதுக்கி வைத்திருந்ததால் ஒரு சட்டைக் காலர் அளவுகூடக் குறையவில்லை. முதலில் அவற்றை டிஸ்க்குக்கு மாற்றினேன், இந்தத் தடவை திறந்து, ஒரு பிள்ளையின் இடுப்பளவைப் படித்துப் பார்த்தேன். பிறகு லினக்ஸை மறுபடி ஏற்றினேன், அந்தப் பகுதியைத் தொடாமல். ஞாயிறு சாயங்காலம் வண்டி ஓடியது. தானியங்கி பேக்கப்பையும் திரும்பப் போட்டுவிட்டேன். நன்றி என்பது சின்ன வார்த்தை, ஆனால் என்னிடம் அதுதான் இருக்கிறது.

அத்தை உன்னை விசாரித்ததாகச் சொன்னாள். நேரத்துக்குச் சாப்பிடு, உன் அம்மாவுக்குப் போன் பண்ணு. நீ தொட்ட மெஷினெல்லாம் முதல் அழுத்தலிலேயே கிளம்பட்டும்.

இப்படிக்கு,
உன் தாய்மாமன், லினக்ஸ் மெக்கானிக்

பின்குறிப்பு: உறை ஒட்டப் பசை தேடித் தையல் மேஜை இழுப்பறையைத் திறந்தேன். ஒரு புது நோட்டு. நூற்று எண்பத்தாறு பிள்ளைகளும் அதில் வரிசையாக நிற்கிறார்கள், போன வியாழக்கிழமை எடுத்த அளவு வரைக்கும். அட்டையில் "இன்னொண்ணு அக்கா வீட்டில்" என்று அவள் கையெழுத்து. "இது எப்ப வாங்கினது?" என்றேன். மெஷினை நிறுத்தாமலே, "நீங்க பழைய நோட்ட எடைக்குப் போட்டீங்கள்ல, அன்னிக்குச் சாயங்காலம்" என்றாள். "அப்ப ரெண்டு நாளா ஏன் சொல்லல?" "ஒருத்தர் சொன்னத அப்படியே கேட்டு நீங்க ஒரு வேலை செஞ்சு நான் பாத்ததில்ல. கலைக்க மனசு வரல." ஆகையால் மேலே நன்றி என்று இருக்கிற இடத்தில் பாதியை அவளுக்கு வைத்துப் படி. இந்தப் பின்குறிப்பை மட்டும் கார்பன் இல்லாமல் எழுதுகிறேன். மேலே உள்ள கடிதத்தின் கார்பன் நகல் சலூனுக்குப் போகிறது.