சாவியும் காட்சிப் பொருளே

அடிமைமுறையின் வரலாறு குறித்துக் கண்காட்சி நடத்துவதென்று அருங்காட்சியகம் தீர்மானித்தது. நல்ல காரியம். அதற்கென ஒரு பயிற்சிப் பெண்ணும் எடுக்கப்பட்டாள். சம்பளம் கிடையாது, முடிவில் நன்னடத்தைச் சான்றிதழ் உண்டு. மாதக்கணக்கில் அவள் இரும்புச் சங்கிலிகளுக்குத் தூசி தட்டினாள், சுவர்ப் பலகைகளுக்கு வாசகம் எழுதினாள், இயக்குநரின் மூக்குக்கண்ணாடியைத் தேடிக் கொடுத்தாள். பெரும்பாலும் அது அவர் நெற்றியிலேயே இருக்கும்.

திறப்பு விழாவன்று மதியம் அவளுக்கு ஒரு வங்கியில் நேர்காணல். சான்றிதழ் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். "விழா முடியட்டும்மா, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்" என்று இயக்குநர் வாக்குக் கொடுத்திருந்தார். அழைத்துப் போக அக்கா ஸ்கூட்டரோடு வாசலில் காத்திருந்தாள்.

சிக்கல் ஒரு பொம்மையால் வந்தது. நடு மண்டபத்தில் பழைய கால்விலங்கு ஒன்றை மாட்டிக் காட்ட ஆளுயரப் பொம்மைக்கு ஆர்டர் போயிருந்தது. வந்ததோ துணிக்கடைப் பொம்மை. கொழுகொழு கன்னம், இடுப்பில் ஒரு கை, வாய் நிறையச் சிரிப்பு.

"என்னய்யா இது, கல்யாணத்துக்குக் கிளம்பின மாதிரி நிக்குது?" என்றார் இயக்குநர்.

"இவங்கதான் சார் குறைஞ்ச விலை குறிச்சிருந்தாங்க" என்றார் பொருள்காப்பாளர்.

"இப்போ எல்லா ஊர்லயும் அனுபவக் கண்காட்சிதான் ஃபேஷன். பார்க்கிறவன் கண் கலங்கணும். இதைப் பார்த்தா, தள்ளுபடி எந்த மாடின்னு கேப்பான்."

இயக்குநர் சுற்றுமுற்றும் பார்த்தார். ஊழியர்கள் தங்களுக்கு ஒதுக்கப்பட்ட பணியைத் தவிர வேறு எதையும் செய்யலாகாது என்பது விதி. பயிற்சிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்ட பணி என்று எதுவும் இல்லை. ஆகவே எல்லாமே அவள் பணிதான்.

"கொஞ்ச நேரந்தாம்மா. அமைச்சர் பார்த்துட்டுப் போற வரைக்கும்."

"சார், என் சான்றிதழ்..."

"அதைத்தான் சொல்றேன். நன்னடத்தையைக் காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் வருமா?"

பொம்மைக்குப் பதிலாக அவளை நிறுத்தி, அவள் கால்களில் விலங்கு பூட்டப்பட்டது. சாவியைப் பக்கத்துப் பீடத்தில் வெல்வெட் மெத்தைமேல் கிடத்தி, சுற்றிக் கயிறு கட்டினார்கள். அமைச்சர் வந்தார், ரிப்பன் வெட்டினார், கண் கலங்கினார், அடுத்த ரிப்பனுக்குப் புறப்பட்டார்.

"சார், கழட்டி விடுங்க" என்றாள் அவள் பொருள்காப்பாளரிடம்.

"எப்படிம்மா முடியும்? ரிப்பன் வெட்டின நிமிஷத்துல இருந்து இந்த மண்டபத்துல இருக்கிறதெல்லாம் காட்சிப் பொருள். கமிட்டி அனுமதி இல்லாம அசைக்கக் கூடாது."

"சாவி இதோ இருக்கே!"

"அதுவும் காட்சிப் பொருள்தான். ஒரு காட்சிப் பொருளை வெச்சு இன்னொரு காட்சிப் பொருளைத் திறந்தா ரெண்டு குத்தம்."

"கமிட்டி எப்போ கூடும்?"

"அதை முடிவு பண்ண முதல்ல ஒரு கூட்டம் போடணும்."

"அப்போ என் கதி?"

பொருள்காப்பாளர் மனிதாபிமானம் உள்ளவர். தாடையைத் தடவி யோசித்தார். "விதிப்படி உன் கால் ரெண்டுதாம்மா மாட்டிக்கிட்டிருக்கு. மீதி நீ தாராளமா போகலாம்."

இயக்குநரும் வந்து ஆறுதல் சொன்னார். "கவலையே படாதே. கையெழுத்துப் போட்டாச்சு. போகும்போது வாங்கிக்க."

கூட்டம் நெரிந்தது. அவளைப் பார்த்தவர்கள் எல்லாம் உச்சுக் கொட்டினார்கள். அழுதவர்கள் அவளோடு படம் எடுத்துக்கொண்டார்கள். நேர்காணல் நேரம் நெருங்க நெருங்க அவள் முகத்தில் சோகம் கூடிற்று. அதைப் பார்த்துக் கூட்டமும் கூடிற்று.

கடைசியில் அக்காவே டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"ஏண்டி, என்னை வெயில்ல காய விட்டுட்டு இங்க நீ நாடகமா ஆடுறே?"

"பூட்டிட்டாங்கக்கா."

"பூட்டினா? திறக்கச் சாவி இல்லையா?"

அக்காவுக்கு எந்த அலுவலகத்திலும் வேலை பார்த்த அனுபவம் இல்லை. சாவியைப் பார்த்தாள், கயிற்றைத் தாண்டினாள், கையை நீட்டினாள். இன்னும் நேரம் இருந்தது. ஸ்கூட்டரை விரட்டினால் வங்கிக்குப் போய்விடலாம்.

"அக்கா! தொடாதே!" என்று அலறினாள் தங்கை.

"ஏண்டி?"

"கையுறை இல்லாம தொட்டா வேர்வை பட்டுத் துரு ஏறும். சார் சான்றிதழைக் கிழிச்சுப் போட்டுடுவாரு."

"இங்கேயே நின்னுக்கிட்டு அந்தச் சான்றிதழை வெச்சு என்னடி பண்ணப் போறே?"

"அடுத்த நேர்காணலுக்கு ஆகும்க்கா."

அக்கா ஒரு கணம் யோசித்தாள். நியாயமாகத்தான் பட்டது. நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, "சரி, குடிக்க ஏதாவது வாங்கிட்டு வரவா?" என்றாள்.

"உள்ளே கொண்டுவரக் கூடாதுக்கா."

அருகில் கண்ணைத் துடைத்தபடி நின்ற ஒரு பெண்மணி, சுவரில் இருந்த பலகையை வாய்விட்டுப் படித்தாள்: "இந்த விலங்கு பூட்டப்பட்டவர்கள் இதை ஒருநாளும் ஏற்கவில்லை. கல்லால் உடைத்தார்கள். உடையாதபோது இழுத்துக்கொண்டே ஆற்றில் இறங்கினார்கள். பிடிபட்டவர்கள் காயம் ஆறியதும் மறுபடியும் ஓடினார்கள்." ஒவ்வொரு சொல்லும் பயிற்சிப் பெண் தேடித் தேடி எழுதியது.

பெண்மணி அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கணவனிடம் சொன்னாள்: "என்னமோ ஓடினாங்கன்னு எழுதியிருக்காங்க. இந்தப் பொண்ணைப் பார்த்தா அப்படித் தெரியலையே."

"உஸ்! இங்க பேசக் கூடாதுன்னு போட்டிருக்கு பாரு" என்றான் கணவன்.

இருவரும் தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டை மிதிக்காமல், வரிசை குலையாமல், மெல்ல நகர்ந்தார்கள்.