வக்கீல் நோட்டீஸ் வேண்டாம், அத்தான்

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

வணக்கம். நீங்களும் அக்காவும் நலமாக, முக்கியமாக ஒருவரோடொருவர் பேசிக்கொண்டு, இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் என் மூக்குக்கண்ணாடியும் சுகம். போனில் சொன்னால் அக்கா பக்கத்தில் நின்று கேட்பாள் என்பதால் எழுதுகிறேன்: என் வீட்டுச் சுவரை ஒட்டிய தேவாலயத்துக்கு அனுப்பச் சொல்லி உங்களை நச்சரித்தேனே, அந்த நோட்டீஸைத் தயவுசெய்து அனுப்பிவிடாதீர்கள். அனுப்பினால் நான் அந்த மனிதர்கள் முகத்தில் விழிக்க முடியாது.

நடந்தது இதுதான். புதன்கிழமைதோறும் சாயங்காலம் அங்கே பாடகர் குழுவின் ஒத்திகை. இந்தப் பக்கம் நான் பள்ளிக் கணக்குப் புத்தகங்களுக்குப் பிழை திருத்திக்கொண்டிருப்பேன். அந்தப் பக்கம் அவர்கள் ஒரே பாட்டின் மூன்றாவது வரியில் சுருதி விலகி, முதலிலிருந்து ஆரம்பித்து, சரியாக அதே இடத்தில் மறுபடி விலகுவார்கள். பாட்டுகூடப் பரவாயில்லை, தப்பு வரப்போகிறது என்று தெரிந்து காத்திருப்பதுதான் கொடுமை. அந்தக் காத்திருப்பில் ஒரு முக்கோணத்துக்கு நாலு பக்கம் என்று அச்சாகிவிட்டது. நீங்களோ, முதலில் நேரில் போய்ச் சொல், கேட்காவிட்டால் நோட்டீஸ் என்றீர்கள். போனேன்.

வாசலில் வருகிறவர்களை வரவேற்பவர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். படியில் யாராவது நின்றால் அவருக்கு இன்றைக்கும் பொறுக்காது. படியில் நின்றபடியே புகாரைச் சொல்லிவிட்டுத் திரும்பலாம் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். "உள்ள போங்கம்மா, படியில நிக்காதீங்க, முன்னாடி காலியாத்தான் இருக்கு" என்று அவர் சொன்ன வேகத்தில் என் கால்கள் என்னைக் கேட்காமலே முதல் வரிசைக்குப் போய்விட்டன. ஒத்திகை முடிந்து டீ வந்தது. டீ குடித்துவிட்டுப் புகார் சொல்வது முறையில்லை என்று அதை மறுத்து எழுந்து, "நான் பக்கத்து வீட்டுக்காரி" என்று ஆரம்பித்தேன். குழுவை நடத்தும் தையல்கார அம்மாள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதானா அது? இத்தன வருஷமா நாங்க போடற கூச்சலப் பொறுத்துக்கிட்டு ஒரு வார்த்த சொன்னதில்லையே. உங்களுக்காக ஜெபம் பண்ணிட்டுத்தான் ஒவ்வொரு புதன்கிழமையும் ஆரம்பிக்கிறோம்."

புகாரை விழுங்கிக்கொண்டு, மறுத்த டீயை வாங்கிக் குடித்தேன். குற்ற உணர்ச்சியில் இன்னொன்றும் குடித்தேன். எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது என்று பாதிரியாரிடம் அன்றே நேர்மையாகச் சொல்லிவிட்டேன். அவர் அசரவில்லை. "அது பரவால்ல. பக்கம் புரட்டத் தெரியுமா?" என்றார். ஆர்கன் வாசிப்பவருக்குப் பக்கத்தில் நின்று தாள் புரட்ட ஆள் வேண்டுமாம். பக்கம் புரட்டுவதுதானே அத்தான் என் பிழைப்பே, ஒத்துக்கொண்டேன்.

ஒரு கல்யாணத்தன்று இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டித் தொலைத்தேன். ஆர்கன்காரர் கண்முன் எது இருக்கிறதோ அதை வாசிக்கிற மனுஷர். மணப்பெண் நடந்து வர வர சவ அடக்கப் பாட்டுக்குப் போய்விட்டார். பெண்ணின் அம்மா ஏற்கெனவே அழுதுகொண்டிருந்ததால் அங்கே பொருத்தமாகத்தான் இருந்தது, மாப்பிள்ளைதான் ஒரு தரம் கதவைத் திரும்பிப் பார்த்தார். இனி இந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று பின்வாசல் வழியாக நழுவினால், கண்டக்டர் அங்கேயும் நிற்கிறார். "விடுங்கம்மா, வேலைக்குச் சேந்த அன்னிக்கு டிரைவர் ஏறறதுக்கு முன்னாடியே விசில் அடிச்சவன் நான்" என்றார்.

அப்புறம் காய்ச்சல் வந்து கொஞ்ச நாள் படுத்துவிட்டேன். தையல்கார அம்மாள் என்னைப் பார்க்க வந்து, பேச்சோடு பேச்சாக என் வீட்டுத் தலையணை உறைகளையெல்லாம் பிரித்துத் தைத்துவிட்டுப் போனார். உடம்பு தேறித் தேவாலயத்துக்குப் போனபோது, முதல் வரிசையில் நான் வழக்கமாக உட்காரும் இடத்தில் ஒரு துண்டு கிடந்தது. கண்டக்டர் அதை எடுத்து உதறிவிட்டு, "உங்க எடம்மா. யாரையும் உக்கார விடல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஐம்பதை நெருங்குகிறேன் அத்தான், எந்தக் கூட்டத்திலும் சுவரோரமாக நின்றே பழகியவள். எனக்கென்று ஒருவர் துண்டு போட்டு இடம் பிடித்து வைத்தது இதுதான் முதல் தடவை. கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் கொஞ்ச நேரம் குனிந்துகொண்டேன்.

ஆகவே நோட்டீஸைக் கிழித்துப் போடுங்கள். நான் மதம் மாறவில்லை, மனம்கூட மாறவில்லை, தாள் மட்டும் புரட்டுகிறேன். கேட்டால் அக்காவிடம் அப்படியே சொல்லுங்கள். உங்கள் கட்சிக்காரர்கள் எல்லாரும் உண்மை பேசி, நேரத்துக்கு வந்து, நீங்கள் நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அன்புள்ள மைத்துனி

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் ஒரு விபரீதம். புதன்கிழமை ராத்திரிக்குள் ஒரு புத்தகத்தை முடித்தாக வேண்டும் என்று டீ குடிக்கும்போது வாய்தவறிச் சொல்லிவிட்டேன். எனக்குத் தொந்தரவு வேண்டாமென்று அவர்கள் ஒத்திகையைத் தூரத்தில் இருக்கும் பின்கட்டு அறைக்கு மாற்றிவிட்டார்கள், இனி எப்போதும் அங்கேதானாம். இன்று புதன்கிழமை, வேலைக்காக வீட்டிலேயே உட்கார்ந்தேன், சாயங்காலம் சுவரிலிருந்து ஒரு சத்தம் இல்லை. ஒரு பக்கம்கூடத் திருத்த முடியவில்லை. எனவே நோட்டீஸ் கண்டிப்பாக அனுப்புங்கள்: ஒத்திகை பழையபடி என் சுவரோரம்தான் நடக்க வேண்டும், தவறினால் நடவடிக்கை. மூன்றாவது வரியை அவர்கள் சரிசெய்யவும் கூடாது என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.