எட்வின் துரையின் ஐம்பத்திரண்டாவது சாவு

உயிரோடு இருக்கிற ஒரு மனுசனை நான் ஒருதரம் சாகடித்திருக்கிறேன். (பொலிசுக்குப் போன் பண்ண வேண்டாம். ஆள் இப்பவும் மெல்பேர்ணில், கிரெய்கிபர்ன் பக்கம் மகள் வீட்டில் இருந்து உருளைக்கிழங்கு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.) ஆயுதம் என்னவென்று கேட்டால், என் தமிழ்.

எட்டு வயதில் இலங்கையிலிருந்து விமானம் ஏறினவன் நான். சனிக்கிழமைகளில் அம்மா என்னைத் தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிடுவா. நான் முன்வாசலால் போய்ப் பின்வாசலால் வெளியே வருவேன். இங்கிலிஷ் பள்ளிக்கூடத்திலும் அதே வழக்கம்தான். அப்படிப் படித்த படிப்புக்குக் கிடைத்தது பார்சல் வான் ஓட்டுகிற வேலை. அந்த வேலைதான் என்னை எட்வினின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது.

எட்வின் இங்கிலாந்து நடிகர். வடக்கே ஏதோ துறைமுக ஊரில் மீன் விற்றவரின் மகன். பதினாறு வயதில் ஒரு நாடகக் கொட்டகையில் திரை இழுக்கப் போயிருக்கிறார். ஒருநாள், மேடையில் பிணமாகக் கிடக்க வேண்டிய நடிகருக்கு வயிற்றோட்டம். “நீ போய்ப் படடா” என்று இவரைத் தள்ளிவிட்டார்கள். இவரும் அசையாமல் கிடந்தார். தும்மல் வந்தும் அடக்கிவிட்டாராம். அன்றைக்குப் பிடித்த தொழில்தான். அதற்குப் பிறகு ஐம்பது வருஷம் மேடையிலும் சினிமாவிலும் விதம்விதமாகச் செத்தார். நஞ்சு குடித்து, குதிரையால் விழுந்து, கப்பலோடு மூழ்கி, மாமனாரிடம் கத்திக்குத்து வாங்கி, எல்லாமாக ஐம்பத்தொரு தடவை. ஒரேயொரு டீவித் தொடரில் மட்டும் இன்ஸ்பெக்டராக நாலு வருஷம் உயிரோடு இருந்தார். அதிலும் கடைசிப் பாகத்தில் சுட்டுப்போட்டார்கள்.

அந்தத் தொடர் ஒருகாலத்தில் கொழும்பு டீவியில் போனது. இன்ஸ்பெக்டர் செத்த அன்றைக்கு வெள்ளவத்தையில் பாதிக் குசினி அடுப்பு எரியவில்லை என்பார் செல்வம் அங்கிள். (பாதியை யார் எண்ணினது என்று கேட்டால் கோபம் வரும்.) செல்வம் அங்கிள் எங்கள் கலை மன்றத்துத் தலைவர். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் ஒருநாள் அவரிடம் சொன்னேன்.

“டேய் தர்ஷன், விளையாடாத. இன்ஸ்பெக்டரோ? எங்கட இன்ஸ்பெக்டரோ?”

“ஓம் அங்கிள். நேற்றும் பார்சல் குடுத்தனான்.”

“அவரை எங்கட நாடக விழாவுக்குப் பிரதம விருந்தினராக் கூட்டிக்கொண்டு வருவியோ?”

“என்ர ஃப்ரெண்ட் அங்கிள் அவர். நான் கேட்டா வருவார்.”

(அதுவரை நான் அந்த ஃப்ரெண்டோடு பேசிய முழு வசனம்: ‘இதில் கையெழுத்துப் போடுங்கள்.’)

ஆனால் கேட்டதும் வந்துவிடுகிறேன் என்றார் மனுசன். யாரும் கூப்பிட்டு எத்தனையோ வருஷமாம். அன்றிலிருந்து அவர் வீட்டுக்கு வரும் பார்சல்களை நான் கடைசியாகவே கொடுத்தேன், இருந்து கதைக்கலாம் என்று. அப்படி இருந்து கதைத்ததில்தான், அம்மாவுக்குக்கூடச் சொல்லாத ஒன்றை அவரிடம் சொன்னேன். எனக்கு நடிக்க ஆசை. நகரத்தில் ஒரு நாடகக் குழு புது முகம் தேடியது. நடிப்புப் படிக்காதவன் என்றால், தெரிந்த நடிகர் ஒருவர் கடிதம் தர வேண்டும். திங்கட்கிழமை கடைசி நாள்.

“விழாவில் என்னை மேடையில் அறிமுகம் செய்யப்போவது யார்?” என்று கேட்டார் எட்வின். (அவர் பேசினதெல்லாம் இங்கிலிஷ். நான் தமிழாக்கியிருக்கிறேன். என் தமிழாக்கத்தின் லட்சணம் போகப்போகத் தெரியும்.)

“நான்தான்.”

“நல்லது. அதைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். அல்லது எழுதாமல் விடுகிறேன்.”

விழா ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு, டண்டினொங்கில் ஒரு மண்டபத்தில். அதற்கு முந்தின கிழமை முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அறிமுகப் பேச்சைக் குளிக்கும்போது சொன்னேன், வானுக்குள் சொன்னேன், பார்சல் வாங்க வந்த ஒரு கிழவியிடம் “சபையோர்களே” என்று ஆரம்பித்தும்விட்டேன்.

ஞாயிறு மத்தியானம் மண்டபம் சோடிக்கப் போனேன். மேடையில் எட்வினின் பெரிய படம் ஒன்றை நிறுத்தினேன். கழுத்தில் போட வாங்கிய ரோசாப்பூ மாலையை எங்கே வைப்பது? கதிரையில் வைத்தால் யாராவது அதன்மேல் இருப்பார்கள். கொஞ்ச நேரத்துக்குத்தானே என்று படத்தில் கொழுவிவிட்டு, எட்வினை ஏற்றக் கிரெய்கிபர்னுக்கு ஓடினேன். பின்னால் வந்த யாரோ ஒரு புண்ணியவான், விழாத் தொடக்கத்துக்கு என்று கொண்டுவந்த குத்துவிளக்கை அந்தப் படத்துக்கு முன்னாலேயே வைத்திருக்கிறார்.

எட்வின் கோட்டு, டை எல்லாம் கட்டி வாசலில் நின்றார். கோட்டுப் பையைத் தட்டிக் காட்டி, “கடிதத் தாள் இங்கே இருக்கிறது. வெற்றுத்தாள்” என்றார். கார் ஓடத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் வாயைத் திறந்துகொண்டு நித்திரையானார். ஃப்ரீவேயில் முன்னால் ஏதோ விபத்து. கார்கள் நகரவில்லை. நாலு நாற்பதுக்கு ஒரு பெட்ரோல் ஷெட்டுக்குள் ஒதுங்கி, செல்வம் அங்கிளுக்கு மெதுவான குரலில் ஒரு வொய்ஸ் மெசேஜ் விட்டேன். அது அப்படியே இப்பவும் எங்கள் குடும்பத்தில் எல்லாருடைய போனிலும் இருக்கிறது:

“அங்கிள், கிழவன் காருக்குள்ளயே கண்ணை மூடிட்டார். நீங்க ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. ரோட்டு கிளியரான உடன நான் எப்பிடியும் கொண்டுவாறன். ஆக்களை இருத்தி வையுங்கோ.”

கண்ணை மூடுவது என்றால் எனக்குக் கண்ணை மூடுவதுதான். ஆட்களென்றால் கூட்டிக்கொண்டு வரவேண்டும், சாமானைத்தான் கொண்டுவரலாம் என்பதும் ஒரு பார்சல்காரனுக்கு எப்படித் தெரியும்? பேசி முடித்து, கிழவரின் நித்திரை குழம்பக் கூடாதென்று போனையும் சைலன்ட்டில் போட்டேன். (செல்வம் அங்கிள் அதற்குப் பிறகு பதினேழு தரம் கோல் எடுத்திருக்கிறார்.)

ஐந்தே முக்காலுக்குப் பின்வாசலால் மண்டபத்துக்குள் நுழைந்தோம். இருநூறு பேர், ஒரு சத்தம் இல்லை. எங்கள் சனம் ஒரு விழாவில் வாய்மூடி இருந்ததை அன்றைக்குத்தான் கண்டேன். எனக்காகத்தான் காத்திருக்கிறார்கள் என்று நெஞ்சு நிமிர்ந்தது. கடைசி வரிசையில் எட்வினை இருத்திவிட்டு மேடையைப் பார்த்தேன். மாலை போட்ட படம். முன்னால் எரிகிற விளக்கு. மைக்கில் செல்வம் அங்கிள்.

“இண்டைக்கு எங்களோட இருந்திருக்க வேண்டியவர். வழியில, காருக்குள்ள, எங்கட தம்பி தர்ஷன்ர பக்கத்தில...” அவர் அழத் தொடங்கினார்.

எனக்கு வொய்ஸ் மெசேஜ் ஞாபகம் வந்தது. எழும்பிக் கத்தலாம்தான். கத்தினால் எட்வினுக்கும் விளங்கிவிடும். தன்னைச் சாகடித்தவனுக்கு யார் கடிதம் எழுதுவார்கள்?

எட்வின் என் காதருகே குனிந்தார். “என்ன சொல்கிறார்?”

“உங்கள் வாழ்க்கை வரலாறு.”

“ஏன் அழுகிறார்?”

“தமிழில் மேடைப்பேச்சு அப்படித்தான்.”

முன்னால் ராணி அன்ரி மூக்கைச் சீறினா. மேல்மாடியில் நின்றிருந்தாலும் கேட்டிருக்கும்.

“அந்தப் பெண்மணி?”

“ஹே ஃபீவர்.” (வசந்தகாலத்தில் பூந்தூளால் வருகிற தும்மல். மெல்பேர்ணில் பாதி ஊருக்கு அதுதான். கடவுள் என்னைக் கைவிடவில்லை என்று நினைத்தேன்.)

“என் படத்துக்கு மாலை போட்டிருக்கிறதே?”

“மிகவும் பிடித்தவர்களுக்குப் போடுவோம்.”

“விளக்கு?”

“மிக மிகப் பிடித்தவர்களுக்கு.”

எட்வினுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அப்போது செல்வம் அங்கிள், “ஒரு நிமிசம் எழும்பி நிண்டு அஞ்சலி செலுத்துவம்” என்றார். இருநூறு கதிரை ஒரே நேரத்தில் கிரீச்சிட்டது. எட்வினும் எழும்பினார். தலையைக் குனிந்து, கையைக் கட்டி, எல்லாரையும்விட அழகாக நின்றார். அரை நிமிடம் போனது.

“யார் இறந்தது?” என்று மெல்லக் கேட்டார்.

என்னிடம் இருந்த பொய்யெல்லாம் தீர்ந்துவிட்டது.

“நீங்கள்.”

அவர் தலையை நிமிர்த்தவில்லை. “எப்போது?”

“நாலு நாற்பதுக்கு. பெட்ரோல் ஷெட்டில்.”

படத்தைப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார். ராணி அன்ரியைப் பார்த்தார். “ஆக, அது ஹே ஃபீவர் இல்லை?”

“இல்லை.”

“எத்தனை பேர் இருப்பார்கள் இங்கே?”

“இருநூறு.”

“ஐம்பத்தொரு தடவை செத்திருக்கிறேன்” என்றார் எட்வின். “ஒரு தடவைகூட இப்படி அரங்கு நிறையவில்லை.”

அந்த நேரம் பார்த்து, முன்னால் நின்ற அம்மா திரும்பினா. என்னைப் பார்த்தா. எனக்குப் பக்கத்தில் நின்ற பிரேதத்தைப் பார்த்தா.

“ஐயோ! நிக்குது!”

அதற்குப் பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்ல முடியாது. கதிரைகள் விழுந்தன. ராணி அன்ரி அழுகையை நிறுத்த முடியாமல் சிரிக்கத் தொடங்கினா. செல்வம் அங்கிள் மைக்கைப் பிடித்தபடி, “எல்லாரும் இருங்கோ, பயப்பிடாதேங்கோ, செத்தவர் வந்திட்டார்!” என்று கத்தினார். (பயப்படாமல் என்ன செய்கிறது?) எட்வின் மட்டும் நிதானமாக நடந்து மேடையேறி, படத்திலிருந்த மாலையைக் கழற்றித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு, இடுப்பு வரை குனிந்து வணங்கினார். கைதட்டல் ஓயவில்லை. செல்வம் அங்கிள் அவருடைய கையைப் பிடித்துக் குலுக்குகிற சாட்டில் நாடி பார்த்தார்.

பிறகு மைக்கை என் பக்கம் நீட்டினார். “வாடா இங்க. நீயே சனத்துக்கு விளக்கம் சொல்லு.”

பாடமாக்கின பேச்சில் ஒரு சொல் வரவில்லை. “கண்ணை மூடினவர் எண்டா நித்திரை எண்டுதான் நான்...” என்று தொடங்கினதுமே மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. ஆசைப்பட்ட அறிமுகம் அவ்வளவுதான். கடிதமும் போச்சு என்று நினைத்துக்கொண்டு இறங்கினேன்.

திரும்பிப் போகையில் எட்வின் வழி முழுக்க விழித்திருந்தார். வீட்டு வாசலில் தாளை எடுத்து, கார்க் கதவில் வைத்தே எழுதித் தந்தார். மூன்று வரி. ‘இந்தப் பையனுக்கு மேடையில் பேச வராது. ஆனால் பத்து நிமிடம் என் முகத்துக்கு நேரே பொய் சொன்னான், நான் ஒவ்வொன்றையும் நம்பினேன். ஹே ஃபீவரை இன்னும் மறக்க முடியவில்லை.’

நாடகக் குழு என்னை எடுத்தது. வேஷம்: முதல் காட்சியில் கண்டெடுக்கப்படும் பிணம். அம்மா மூன்றாம் வரிசையில் இருந்து பக்கத்து வெள்ளைக்காரிக்கும் கேட்கிற மாதிரி, “டேய், வயிறு ஏறி இறங்குது!” என்றா.

எட்வின் அந்தப் படத்தைக் கேட்டு வாங்கி, பிளாஸ்டிக் மாலையும் போட்டு, வீட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறார். தமிழர் யாராவது போனால், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மெதுவாகக் கதைப்பார்கள். கொஞ்ச நேரத்தால் அவரே தேத்தண்ணியோடு வருவார். அதற்காகத்தான் மாட்டியிருக்கிறார்.

என் வீட்டிலோ, நான் கார்த் திறப்பை எடுத்தாலே ஒரு குரல் கேட்கும். போன கிழமை கொழும்புக்குப் போய்த் திரும்பி வந்த செல்வம் அங்கிளை ஏற்ற எயார்போட்டுக்கு வெளிக்கிட்டேன். அம்மா குசினிக்குள் இருந்தே சொன்னா: “தம்பி, அவரைக் கூட்டிக்கொண்டு வா. கொண்டு வந்திடாத.”

காருக்குள் ஏறின அங்கிளுக்குப் பயணக் களைப்பு. கண் இரண்டும் சிவந்திருந்தன. டண்டினொங்குக்கு இன்னும் ஒரு மணித்தியால ஓட்டம்.

“அங்கிள், நித்திரை வந்தாக் கொஞ்சம் கண்ணை மூடுங்கோவன்.”

“வேண்டாமடா” என்றார், இமைக்காமல் ரோட்டைப் பார்த்தபடி. “எனக்கு இன்னும் கொஞ்சக் காலம் இருக்க விருப்பம்.”